முகம் கோணினால் பக்கவாதமா? மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. சுகர் உண்டு. நான்கு நாள் முன்பு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. பார்த்தால் வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. வலது கண்ணை மூட முடியவில்லை, அந்தப் பக்க நெற்றியும் சுருங்கவில்லை. கை, கால், பேச்சு எல்லாம் நன்றாக இருக்கிறது. ஸ்கேன் நார்மல் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். சுகர் ஏறும் என்று பயந்து இரண்டே நாளில் நிறுத்திவிட்டார். நாக்கில் ருசி இல்லை, குக்கர் விசில் காதைக் குடைகிறது, கண்ணில் நீர் வழிகிறது. நேற்றிலிருந்து தலை சுற்றுகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வலது காதில் வலி, உள்ளே நாலைந்து சூட்டுக் கொப்புளம். மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறேன். யூடியூபில் மூளைக் கட்டியாக இருக்கலாம் என்கிறார்கள். மாமனார் பக்கவாதத்தில்தான் படுத்தார். இதுவும் அதன் தொடக்கமா, டாக்டர்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில் (கடிதம் வந்த அன்றே வாசகிக்கு அனுப்பப்பட்டது):

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பக்கவாதமாகத் தெரியவில்லை அம்மா. நெற்றியும் சுருங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையில் ஒரு பக்கம் அடைப்பு ஏற்பட்டால் வாய் கோணும், ஆனால் நெற்றியைப் பெரும்பாலும் சுருக்க முடியும். நெற்றி, கண், வாய் மூன்றும் ஒரே பக்கத்தில் சேர்ந்து ஓய்ந்துபோனால், கோளாறு அநேகமாக மூளையை விட்டு வெளியே வந்த முகநரம்பில்தான் இருக்கும். ஸ்கேன் நார்மல் என்பதை நான் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அடைப்பால் வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சிடி ஸ்கேன் நார்மலாகவே இருக்கலாம். நெற்றிதான் எனக்கு அதிகம் சொல்கிறது.

என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கொப்புளங்கள். சூட்டுக்கு வந்தது என்று நினைத்து மஞ்சள் போட்டிருக்கிறீர்கள். முகம் கோணி, அதே பக்கத்துக் காதில் வலியோடு கொப்புளம் வந்து, தலையும் சுற்றினால் அது சூடு இல்லை. அக்கி. காதுக்குள் வந்த அக்கி.

சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் வருடக்கணக்காக ஒடுங்கிக் கிடக்கும். வயது, சுகர், உடல் சோர்வு என்று எதிர்ப்புச் சக்தி குறையும் நேரத்தில் கிளம்பும். விலா ஓரத்தில் கிளம்பினால் எல்லோருக்கும் அக்கி என்று தெரிகிறது. முகநரம்பின் முடிச்சில் கிளம்பினால் முகம் கோணுகிறது, காதில் கொப்புளம் வருகிறது. அந்த நரம்பு மண்டையோட்டில் ஒரு குறுகிய எலும்புக் குழாய் வழியாக வருகிறது. வீங்கிய விரலில் மோதிரம் இறுகுவதுபோல, வீங்கிய நரம்பு அந்தக் குழாய்க்குள்ளேயே நசுங்குகிறது. பக்கத்திலேயே கேட்கும் நரம்பும், உடம்பின் சமநிலையைக் காக்கும் நரம்பும் ஓடுகின்றன. வைரஸ் அவற்றையும் தொட்டால் தலை சுற்றும், காது மந்தமாகும். 1907-இல் இதை விளக்கி எழுதிய அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராம்சே ஹன்ட் பெயரில்தான் இந்த நோய் அழைக்கப்படுகிறது. பாடகர் ஜஸ்டின் பீபர் 2022-இல் பாதி முகம் அசையாமல் வீடியோவில் பேசினாரே, அவருக்கு வந்ததும் இதுதான்.

முதல் நாள் பார்த்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். முகம் கோணிச் சில நாள் கழித்தும் கொப்புளம் வெளிவரலாம். அன்று இருந்த நிலையில் எல்லோரும் பெல்ஸ் பால்சி, அதாவது தெளிவான காரணம் தெரியாமல் முகநரம்பு திடீரென்று ஓய்ந்துபோவது, என்றுதான் நினைத்திருப்பார்கள். அது பரவலாக வருவது. மருந்தே இல்லாமலும் பத்தில் ஏழு பேருக்கு முழுதாகச் சரியாகிவிடும். காதில் அக்கி வந்தால் கணக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. ஸ்டீராய்டோடு அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாதிரியான வைரஸ் எதிர்ப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று நாளுக்குள் கொடுத்தால் பலன் அதிகம். நான்கு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், ஆனால் இன்னும் ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போக வேண்டாம். சுகர்காரருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும்.

போகும்முன் ஒன்று பாருங்கள். போனை வலது காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், அப்புறம் இடது காதில். வலதில் குறைவாகக் கேட்டால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். நடக்கவே முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, நாக்குக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ கிளினிக்கில் டோக்கன் போட்டுக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்டீராய்டை நிறுத்தியதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுகர் ஏறும் என்பது உண்மைதான். அதற்காகப் பத்து நாளைக்கு இன்சுலினையோ சுகர் மாத்திரையையோ மருத்துவர் சொல்படி கூட்டிக்கொள்ளலாம். தினமும் பரிசோதித்துச் சமாளிக்க முடியாத விஷயம் இல்லை அது. ஏறிய சுகரை இறக்க வழி இருக்கிறது. நசுங்கி வீணான நரம்பை மீட்க நம்மிடம் அப்படி ஒரு மருந்து இல்லை. உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தானாகத் திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம். எந்த நாள் நிறுத்தினார் என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் முடிவு செய்வார். தலைசுற்றலுக்கு மெடிக்கலில் வாங்கியது நோயை மறைக்குமே தவிர ஒன்றும் தீர்க்காது.

கிராமங்களில் அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. உங்கள் மாமியார் அதைச் சொன்னாலும் சொல்வார். அவர் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் முகநரம்புக்கு இருக்கும் அவகாசம் மிகக் குறைவு. காதுக்குள் மஞ்சள், எண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் போகக் கூடாது. கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, சின்னம்மை வராத குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவர் பக்கத்தில் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நீரிலிருந்து அவர்களுக்குச் சின்னம்மை தொற்றலாம்.

கண்ணையும் கவனியுங்கள். மூடாத கண் காய்ந்துபோய்க் கருவிழியில் புண் வரும். நீர் வழிவதால் கண் ஈரமாகத்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இமை மூடாததால்தான் அது வழிகிறது. கண்ணீர் மாதிரியான சொட்டு மருந்தைப் பகலில் அடிக்கடியும், களிம்பை இரவிலும் எழுதித் தருவார்கள். தூங்கும்போது இமையை இழுத்து டேப் ஒட்ட வேண்டும். கண் சிவந்து வலித்தாலோ மங்கலாகத் தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பன்னீர் விடாதீர்கள்.

ருசி போனதும் குக்கர் விசில் குடைவதும் இதே நரம்பின் வேலைதான். நாக்கின் முன்பகுதி ருசியும், காதுக்குள் பெரிய சத்தத்தை அடக்கும் குட்டித் தசையும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. நரம்பு தேறும்போது அவையும் தேறும். பஸ் ஜன்னல் காற்று, ஃபேன் காற்று என்று யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்று சொல்பவர்களிடம் சரி என்று தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். முகத்தைப் பலவந்தமாக இழுத்துப் பயிற்சி செய்வது நல்லதல்ல. வேண்டிய பயிற்சியைப் பிறகு பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி முன்னால் மெதுவாகச் சொல்லித் தருவார்.

மூளைக் கட்டி பற்றிய வீடியோக்களை இத்தோடு நிறுத்துங்கள். கட்டியால் முகம் பலவீனமாவது பொதுவாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கும். இப்படி ஒரே காலையில் கோணாது. மூன்று மாதம் ஆகியும் துளிகூட அசைவு திரும்பவில்லை என்றால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்போம். அதுவரை அந்தப் பேச்சு வேண்டாம்.

கிளம்பும்போது ஸ்டீராய்டு எழுதிய சீட்டு, மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அட்டை, கடைசியாக எடுத்த சுகர் ரிசல்ட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் முகத்தைக் காட்டும் முன் அந்தக் காதைக் காட்டுங்கள்.