ஈ. கோலை ரிசீவருக்கு ஏன் வந்து சேரவில்லை?

பிளாஸ்மிட்டைப் (சிறு டி.என்.ஏ. வளையத்தை) பெற வேண்டிய ரிசீவர் 1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, ஈ. கோலை பாக்டீரியாவை ஈர்க்கும் அமினோ அமிலமான அஸ்பார்டேட்டையும் அதிலிருந்து கசியவிட்டிருக்கிறீர்கள், ஆனாலும் 10 நிமிட சிமுலேஷனில் பிளாஸ்மிட் சுமந்த ஒரு பாக்டீரியாகூட வந்து சேரவில்லை என்கிறீர்கள். எனக்கு இது நேரக் கணக்கின் கோளாறாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் அஸ்பார்டேட் அந்தத் தூரம் பரவவே கிட்டத்தட்ட 8 நிமிடம் ஆகிவிடும், அதுவரை உங்கள் ஈ. கோலைக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. அதனால் ரிசீவரிலிருந்து அஸ்பார்டேட்டை முன்கூட்டியே கசியவிட்டு, செறிவுச் சரிவு (ரிசீவரை நெருங்க நெருங்கச் செறிவு கூடும் நிலை) உருவான பிறகு பாக்டீரியாவை விடுங்கள்.

அப்புறம், புரளும் வீதத்தை (பாக்டீரியா எவ்வளவு அடிக்கடி புரண்டு திசை மாறுகிறது என்பதை) ஏன் மாறிலியாக வைத்தீர்கள்? ஈ. கோலை நொடிக்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி போல ஓடி, கண நேரம் புரண்டு, வேறு திசையில் கிளம்பும். 1972இல் பெர்க், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் அதை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து கண்டது, செறிவு கூடும் திசையில் போகும்போது ஓட்டம் நீள்கிறது, குறையும் திசையில் பெரிதாக மாறுவதில்லை என்பதுதான். கடந்த சில நொடிகளின் செறிவோடு ஒப்பிடும் சின்ன நினைவு ஒன்றைச் சேர்த்தால் போதும். வந்து சேர்ந்தாலும் பிளாஸ்மிட் கைமாறச் சில நிமிடம் பிடிக்கும், அந்தத் தாமதத்தையும் போடுங்கள்.