அரிப்புக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய்: ஆதாரம் எவ்வளவு?

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. சில வாரங்களாக முழங்காலுக்குக் கீழே அரிப்பு. இரவில் தூக்கம் கெடுகிறது. தடிப்போ புண்ணோ இல்லை, தோல் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் உலர்ந்திருக்கிறது. பெப்பர்மின்ட் எண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அது அரிப்பு என்னும் உணர்வை அடக்குவதற்கான ஆதாரமே தவிர, அரிப்பை உண்டாக்கும் காரணத்தைப் போக்குவதற்கான ஆதாரம் அன்று.

இந்த எண்ணெயின் முக்கியப் பொருளான மெந்தால், தோலின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. நரம்பு முனைகளில் குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தூண்டுவதால், தோல் குளிர்ந்துவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பியை 2002-இல் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரும், வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உணரும் ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குளிர்ச்சியைக் கடத்தும் நரம்புகள் தூண்டப்படும்போது தண்டுவடத்திலேயே அரிப்புச் செய்தி மட்டுப்படுகிறது. ஆகவே உங்கள் உறவினர் சொல்வது வெறும் நம்பிக்கை அன்று.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் மிகச் சில. 2016-இல் வெளியான ஒன்றில், கல்லீரல், சிறுநீரகம், நீரிழிவு ஆகிய கோளாறுகளால் நீண்ட நாள் அரிப்புக்கு ஆளான 50 பேரில் ஒரு பிரிவினர் பெப்பர்மின்ட் எண்ணெயையும் மற்றவர்கள் பெட்ரோலியம் ஜெல்லியையும் நாளுக்கு இருமுறை வீதம் இரண்டு வாரம் தடவினர். எண்ணெய் தடவியவர்களுக்கு அரிப்பு கூடுதலாகக் குறைந்தது. கர்ப்பகால அரிப்புக்கு, நல்லெண்ணெயில் 0.5 சதவீதம் கலந்து பயன்படுத்திய மற்றொரு சோதனையிலும் பலன் தெரிந்தது.

இந்த முடிவுகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். பங்கேற்றவர்கள் குறைவு, காலமும் குறுகியது என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நல்ல மருந்துச் சோதனையில், தாம் தடவுவது உண்மையான மருந்தா போலி மருந்தா என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது. பெப்பர்மின்ட்டின் மணத்தையும் சிலுசிலுப்பையும் எப்படி மறைப்பது? தடவிய மறுகணமே தெரிந்துவிடும். அரிப்பு என்பது நோயாளி தாமே மதிப்பெண் இட்டுச் சொல்லும் உணர்வு என்பதாலும், எதிர்பார்ப்பு மட்டுமே அதைக் கணிசமாகக் குறைக்க வல்லது என்பதாலும், எண்ணெயின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நீங்கள் விவரிப்பது வயதானவர்களுக்கு வரும் உலர்தோல் அரிப்பைப் போலத் தோன்றுகிறது. அப்படியானால் முதல் மருந்து ஈரப்பதம்தான். மிகச் சூடான நீரைத் தவிர்த்து, குளித்த சில நிமிடங்களுக்குள், தோல் இலேசாக ஈரமாக இருக்கும்போதே மணமற்ற களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தாராளமாகத் தடவுங்கள். பல நாள் அரிப்பு இதனாலேயே தணிந்துவிடுவதுண்டு.

அதன் பிறகும் இரவில் தொல்லை இருந்தால் பெப்பர்மின்ட் எண்ணெயை முயன்று பார்க்கலாம்; ஆனால் நேரடியாக ஒரு சொட்டுகூட வேண்டாம், எரிச்சலே மிஞ்சும். 100 மில்லி நல்லெண்ணெயில் அரை மில்லி, அதாவது ஏறக்குறைய 10 சொட்டு கலந்தால் சோதனையில் பயன்படுத்திய 0.5 சதவீதம் கிடைக்கும். முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் கவனித்த பின் காலில் தடவுங்கள். சொறிந்து தோல் கிழிந்த இடத்திலும் கண்ணருகிலும் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் முகத்தருகே இந்த எண்ணெய் போகவே கூடாது. மெந்தால் சிறு குழந்தைகளின் மூச்சைத் தடுக்கக்கூடும்.

அரிப்பு ஆறு வாரத்தைத் தாண்டினாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடல் எடை காரணமின்றிக் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்கேனும் இரவில் அரிப்பு தொடங்கினால் அது சிரங்காக இருக்கலாம். அதற்குக் காரணமான நுண்பூச்சியைக் கொல்லும் மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் தடவ வேண்டியிருக்கும்.