அம்மா கட்டும் வரி எந்தக் கணக்கில்?

சத்துவாச்சாரியில் உட்கார்ந்து 24 வருஷமாக மற்றவர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். "வரியில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கிறதா?" என்று ஒரு சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் ஆரம்பித்த பேச்சு, ஒரு கத்தைக் கேள்வியாக என் மேஜைக்கு வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனித் தொழிலாளி): மாசம் 11,000 சம்பளம். "நீ என்னமோ வரி கட்டுற மாதிரி பேசுறியே" என்று தம்பி கேலி செய்கிறான். நான் வரி கட்டாதவள்தானா அக்கா?

பதில்: உங்கள் 299 ரூபாய் போன் ரீசார்ஜில் 45 ரூபாய் 60 காசு ஜிஎஸ்டி. மாதம் 1 லட்சம் வாங்கும் அதிகாரியும் அதே 45.60தான் கட்டுகிறார். உங்கள் சம்பளத்தில் அது ஆயிரத்துக்கு 4 ரூபாய் சொச்சம். அவருக்கு 46 காசு. அவர் சம்பளத்தில் ஒரு பங்கை பேங்கில் போடுவார், போட்ட பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் பணம் 25ஆம் தேதிக்குள் கடைத்தெருவிலேயே கரைந்துவிடும். வருமான வரி ஆளின் வசதியைப் பார்க்கும், கடை வரி பார்க்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, தலைக்கு எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியிருக்கின்றன. நல்லதுதான். கடையில் விலை இறங்கியதா என்று பழைய பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி (வேலூர்): பெண்களுக்கு இன்கம்டாக்ஸில் தனிச் சலுகை உண்டாமே?

பதில்: இருந்தது. 2011-12இல் ஆணுக்கு 1,80,000 வரை வரி இல்லை, பெண்ணுக்கு 1,90,000 வரை. அடுத்த வருஷமே எல்லோருக்கும் 2 லட்சம் என்று ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தச் சலுகையில் மிச்சமானது வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம், அதுவும் வரி கட்டும் அளவு சம்பாதித்த பெண்ணுக்கு மட்டும். போனதற்கு நான் அழவில்லை.

கேள்வி (குடியாத்தம்): 19 வருஷமாக பீடி சுற்றுகிறேன். பீடிக்கு வரி குறைத்தார்களாம். எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பதில்: நேராக ஒன்றும் இல்லை அம்மா. பீடிக்கு 28லிருந்து 18 ஆக்கினார்கள், பீடி இலைக்கு 18லிருந்து 5. இது விற்பனை விலைமேல் போடும் வரி. உங்கள் கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசி முடிப்பது. வரி இறங்கினால் கூலி தானாக ஏறாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். 1976இல் பீடித் தொழிலாளர் நலனுக்கென்றே ஒரு செஸ், அதாவது அந்த ஒரு காரியத்துக்கான தனி வரி, கொண்டுவந்தார்கள். முதலாளியிடம் வசூலித்து, அதிலிருந்து ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வீடு கட்டப் பணம். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பல செஸ்களோடு இதையும் எடுத்துவிட்டார்கள். இனி நலத்திட்டத்துக்குப் பணம் பொது பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். "உன் பீடியில் வந்த காசு உனக்கே" என்று இருந்த நூல் அறுந்தது. சட்டத்தில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லை. ஆனால் சுற்றுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அடி யாருக்கு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கான உதவித்தொகை இன்றும் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

பீடித் தொழிலாளி அடையாள அட்டை யார் பெயரில் என்றும் பாருங்கள். நான் போன ஒரு வீட்டில் முறத்தை மடியில் வைத்து, தகர அளவுக்கு இலை வெட்டி, நூல் சுற்றிக்கொண்டிருந்தது மருமகள். அட்டை, பி.எஃப். எல்லாம் எழுந்து நடக்க முடியாத மாமியார் பெயரில்.

கேள்வி (காட்பாடி): கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனபிறகு குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அவருக்குக் கிடைத்த 75,000 கழிவை எனக்குத் தர முடியாது என்கிறார்களே?

பதில்: சரியாகத்தான் சொன்னார்கள், அதுதான் வருத்தம். ஓய்வு பெற்றவரின் பென்ஷனைச் சட்டம் சம்பளமாகப் பார்க்கிறது. புதிய வரிமுறையில் 75,000 நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் அவ்வளவைக் கழித்துவிடலாம். அதே ஆள் இறந்து மனைவிக்கு வரும் பணத்தை 'இதர வருமானம்' என்கிறது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது மட்டும் கழிவு. தொகையும் சின்னது, கழிவும் சின்னது. 12 லட்சம் வரை வரி வராது என்பதால் உங்களுக்கு இப்போது கையைக் கடிக்காது. ஆனாலும் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் விதவைகள் என்று தெரிந்தே இந்த வித்தியாசத்தை வைத்திருக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

கேள்வி (வாலாஜாப்பேட்டை): என் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் வரி மிச்சமா மேடம்?

பதில்: மிச்சமாகாது சார். போதிய பிரதிபலன் (ஈடாகக் கிடைப்பது) இல்லாமல் மனைவிக்குக் கொடுத்த சொத்தின் வருமானம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அந்த வட்டியை அவர் மறுபடி போட்டு வரும் வட்டி மட்டும் அவருடையது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சிறுவாட்டுப் பணத்தில் அவர் வாங்கியதும் அவருடையதே, நம்பும்படியான தொகையாக இருந்தால்.

வருமானத்தைப் பிரித்து ஒளிக்கக் கூடாதென்று போட்ட விதி, தப்பில்லை. ஆனால் 'பிரதிபலன்' என்ற சொல்லில்தான் எனக்குச் சண்டை. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளில் அதற்குக் கொடுப்பது 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். இருபது வருஷம் இப்படிச் செய்த வேலை சட்டத்தின் கண்ணில் பிரதிபலன் இல்லை!

கேள்வி (ராணிப்பேட்டை, டிபன் கடை): மாவு ஆட்டுவதிலிருந்து கல்லா வரை நான்தான். கடை அவர் பெயரில். எனக்குச் சம்பளம் எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் அதுவும் அவர் வருமானத்தோடு சேரும். தொழில் தகுதியால் மட்டுமே வந்த சம்பளம் என்று காட்டினால்தான் விலக்கு. அனுபவத்தைத் தகுதியாக ஏற்பார்களா என்பது அதிகாரியோடு வாதாட வேண்டிய விஷயம். பார்ட்னர்ஷிப் போட்டால் பங்குதாரர் சம்பளம் போக மிஞ்சும் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், சின்னக் கடைக்குப் பாரம்தான். உங்கள் பெயரில் தனியாக கேட்டரிங் ஆர்டர் எடுங்கள், கணக்கு வையுங்கள், வரியே வராவிட்டாலும் ரிட்டர்ன் போடுங்கள். நாளைக்கு பேங்கில் லோன் கேட்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

கேள்வி (அணைக்கட்டு): நாப்கினுக்கு வரி எடுத்தும் விலை குறையவில்லையே?

பதில்: 2018 ஜூலையில் 12 சதவீதத்தை நீக்கினார்கள். ஆனால் விலக்கு என்றால், தயாரிப்பவர் பஞ்சு, பிளாஸ்டிக்குக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது விலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி (கே.வி.குப்பம்): மனை என் பெயரில் பதிந்தால் லாபமா?

பதில்: 10 லட்சம் வரை மதிப்பென்றால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 8 லட்சம் மனைக்கு 8,000 மிச்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தில் மாற்றமில்லை. பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் போதாது, உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

கேள்வி (பேர்ணாம்பட்டு): டாஸ்மாக்கில் என் வீட்டுக்காரர் கட்டும் வரியை யார் கணக்கில் எழுதுவது?

பதில்: டாஸ்மாக் மூலம் அரசுக்கு வருவது வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேல். மகளிர் உரிமைத்தொகைக்கு 2025-26இல் ஒதுக்கியது 13,807 கோடி. வரியை ஏற்றினால் குடி குறையும் என்பார்கள். குறையாத வீட்டில் அரிசிப் பணம் குறையும். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

கேள்வி (வேலூர், எம்.ஏ. மாணவி): நம் வரிமுறையின் பாலினத் தாக்கத்தை ஆய்வு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வெளிப்படையாக ஆண், பெண் என்று பிரிக்கும் விதி ஒரு வகை, பார்க்கப் பொதுவாக இருந்து ஒரு பக்கம் மட்டும் இடிக்கும் விதி இன்னொரு வகை. பன்னாட்டு நிதியத்தின் ஜேனட் ஸ்டாட்ஸ்கி 1996இலேயே இப்படிப் பிரித்துக் காட்டினார். மேலே வந்த கேள்விகளை இந்த இரண்டில் அடுக்கிப் பார், இரண்டாவது கூடைதான் நிறையும். நம் மத்திய அரசு 2005-06 முதல் பாலின பட்ஜெட் அறிக்கை போடுகிறது, ஆனால் அது செலவை மட்டும் பார்க்கிறது. வரவு யாரிடமிருந்து என்பது அதில் இல்லை, உன் ஆய்வுக்கு இடம் அங்கே.

சிக்கல் ஒன்று உண்டு. நுகர்வுக் கணக்கெடுப்பு குடும்பத்தைக் கேட்கும், ஆளைக் கேட்காது. பால் பாக்கெட்டை யார் குடித்தார் என்று தெரியாது. அதனால் பெண் சம்பாத்தியத்தில் மட்டும் ஓடும் வீடு, ஆண் மட்டும் சம்பாதிக்கும் வீடு, இருவரும் சம்பாதிக்கும் வீடு என்று பிரித்து, ஒவ்வொன்றும் நூறு ரூபாய் செலவில் எவ்வளவு வரி கட்டுகிறது என்று பார். குடியாத்தத்தில் பத்து வீடு, ஆம்பூரில் பத்து வீடு போதும். ஒரு மாத பில்களை டப்பாவில் போட்டுவைக்கச் சொல். பில் கொடுக்காத கடைக்கு ஒரு நோட்டு கொடு, இல்லாவிட்டால் பாதிச் செலவு உன் கணக்குக்கு வராது.