ஜவ்வாது மலை ஏற எந்த வரைபடம்?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் தை மாதம் ஜவ்வாது மலையில் நடக்கலாம் என்றிருக்கிறோம். கூகுள் மேப்பில் சாலை தெரிகிறது, மற்றதெல்லாம் ஒரே பச்சை. மேடு பள்ளம் தெரிகிற வரைபடம் இணையத்தில் கிடைக்குமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: கிடைக்கும். ஆனால் ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

முதலில் இந்திய சர்வே துறையின் டோபோ ஷீட், அதாவது மேடு பள்ளம் காட்டும் வரைபடத் தாள். அந்தத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவுத் தாள்களை பிடிஎஃப் ஆக இலவசமாக எடுக்கலாம். பழைய எண் வரிசையில் ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரும் காவலூரும் 57 எல்/14, ஏலகிரி 57 எல்/10. புதிய தாள்களின் எண் டி44 என்று தொடங்கும், குழம்ப வேண்டாம்.

அதில் ஒரு செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை; ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு செ.மீ.க்குள் ஐந்து கோடு நெருக்கியடித்தால் அரை கிலோமீட்டரில் நூறு மீட்டர் ஏற்றம்: மூச்சு வாங்கும், ஆனால் ஏறிவிடலாம். பத்துப் பன்னிரண்டு கோடு ஒட்டிக்கொண்டு நின்றால் வேறு வழி பாருங்கள். நேர அளவுக்கு, 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. பதினைந்து கோடு தாண்டினால் அரை மணி கூடுதல். நம்ம ஊர் வெயிலுக்கு இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது என் பழக்கம்.

ஓடைகளின் நிறத்தையும் கவனியுங்கள். நீலம் என்றால் தண்ணீர் உள்ளது, கறுப்பு என்றால் வறண்டது. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்புக் கோட்டை நம்பித் தண்ணீர்ப் பாட்டிலைக் குறைக்காதீர்கள்.

டோபோ ஷீட்டின் குறை, அதன் வயது. எந்த ஆண்டு அளந்தது என்று ஓரத்தில் போட்டிருக்கும். மலை மாறாது, ஒற்றையடிப் பாதை மாறிவிடும். அதற்குத்தான் ஓப்பன்டோபோமேப் என்ற இணைய வரைபடம். தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பாதைகள் அதில் இருக்கும். அதன் உயரக் கோடுகள் பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்தில் இருந்து ரேடாரால் அளந்த தரவிலிருந்து வருபவை. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் சின்னப் பாறைச் சரிவு அதில் மழுங்கிவிடும், அடர்காட்டில் மரத்தின் உயரமும் கொஞ்சம் கலந்துவிடும். ஆக, பாதைக்கு இது, சரிவுக்கு டோபோ ஷீட்.

அப்புறம் கூகுள் எர்த்தில் சாய்த்து ஒருமுறை பாருங்கள். ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியில் நீங்கள் போகும் பகுதியை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் உங்கள் இடம் தெரியும். உயரக் கோடுகளை அதில் தனியாக இறக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். தேவையான பகுதியைக் காகிதத்திலும் அச்செடுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அது தீராது.

கடைசியாக, ஷீட்டில் ஆர்.எஃப். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் போகக் கூடாது. பாதையை முடிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.