குழந்தையின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கிறதா?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஓராண்டாகத் தினமும் புடசொனைடு (ஆஸ்துமா தடுப்பு மருந்து) இன்ஹேலர் கொடுக்கிறோம். பகலில் இளைப்பு இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் இருமி எழுகிறான். ஓடி விளையாடுவதும் குறைந்துவிட்டது. இன்ஹேலரை நிறுத்தலாமா?

மருத்துவர் பதில்: இப்போது நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஆஸ்துமா ஓரளவுக்கே கட்டுப்பட்டிருக்கிறது.

பரிசோதனை நாளில் நெஞ்சில் இளைப்புச் சத்தம் இல்லை என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கடந்த 4 வாரங்களைப் பார்க்க வேண்டும். பகலில் வாரத்துக்கு 2 முறைக்கு மேல் இருமலோ இளைப்போ வந்ததா, ஓர் இரவாவது அதனால் விழித்தானா, இளைப்பை உடனே தணிக்கும் மருந்தான சால்பியூட்டமால் வாரத்துக்கு 2 முறைக்கு மேல் தேவைப்பட்டதா, விளையாட்டு தடைபட்டதா என்று கேட்டு, நான்குக்கும் ‘இல்லை’ என்றால்தான் நல்ல கட்டுப்பாடு என்போம். மூன்றுக்கு ‘ஆம்’ என்றாலே கட்டுப்பாடு இல்லை என்று பொருள். ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு, பகல் தொந்தரவும் சால்பியூட்டமால் தேவையும் வாரத்துக்கு ஒரு முறையைத் தாண்டினாலே கணக்கில் சேரும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது விளையாட்டு குறைந்ததுதான். ஓடினால் மூச்சு வாங்கும் என்று அறிந்த குழந்தை ஓடுவதையே விட்டுவிடும். ஓடாததால் இளைப்பும் வராது. பெற்றோரும் நன்றாக இருக்கிறான் என்றே நம்பிவிடுவார்கள். ஆகவே அவனிடமே கேளுங்கள். 4 முதல் 11 வயதினருக்கான ஆஸ்துமா கட்டுப்பாட்டு வினாத்தாளில் உள்ள 7 கேள்விகளில் 4 கேள்விகளுக்குக் குழந்தையே பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 27 மதிப்பெண்ணில் 19 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கட்டுப்பாடு போதாது. கடந்த ஓராண்டில் கடும் இளைப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரையோ மருத்துவமனைச் சேர்க்கையோ தேவைப்பட்டிருந்தால், இந்த 4 வாரங்கள் நன்றாக இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை.

மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், மருத்துவர் கண்ணெதிரே அவன் இன்ஹேலரைப் பயன்படுத்திக் காட்டட்டும். இரண்டு பஃப்பையும் ஒன்றாக ஸ்பேசருக்குள் (இன்ஹேலருடன் பொருத்தும் குழாய்) அடித்துவிடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு முறை நிதானமாக மூச்சிழுத்த பிறகே அடுத்தது. விட்டுப்போன நாட்கள், சிகரெட், கொசுவர்த்திப் புகை, மூக்கு ஒவ்வாமை ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் இந்த வயதில் செய்ய முடியும். ஏறத்தாழ 3 மாதங்கள் நல்ல கட்டுப்பாடு நீடித்த பிறகே, மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார்.

இடையில் விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ, பேச மூச்சு போதாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமால் கொடுத்தபடியே உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.