லூபினா கரும்பா? மாடிக்கு ஒரு பதில், மத்தூர் நிலத்துக்கு ஒரு பதில்

கேள்வி: சார், நாங்க பெங்களூர்ல பொம்மசந்திரா பக்கம் இருக்கோம். மாமனாருக்கு மண்டியா மாவட்டம் மத்தூர் கிட்ட ரெண்டு ஏக்கர் இருக்கு, கால்வாய் பாசனம், வருஷா வருஷம் கரும்புதான். தண்ணி கட்டியே மனுஷன் ஓஞ்சு போயிட்டார். லூபின்னு ஒரு பயறு வகை செடி பத்தி படிச்சேன், தண்ணி கம்மியா போதுமாம், மண்ணுக்கு நைட்ரஜன் தருமாம், விதையில புரோட்டீன் ஜாஸ்தியாம். கரும்பை எடுத்துட்டு அதை போடலாமா? மாடியில ரெண்டையும் வளர்க்கவும் ஆசை.

பதில்: கரும்பை அழிச்சிட்டு லூபின் போடாதீங்க. ரெண்டு ஏக்கரோட ஒரு வருஷ வருமானம் சம்பந்தப்பட்டதுங்கறதால இதை முதல்லயே சொல்லிடறேன். மாடியில லூபின் தாராளமா வைங்க, ஆனா பூவுக்காக மட்டும்.

நீங்க படிச்சது எதுவும் பொய் இல்லை, அது எந்த ஊர் மண்ணுக்கு எழுதினதுன்னுதான் பாக்கணும். உலகத்துலயே லூபின் அதிகமா விளையறது மேற்கு ஆஸ்திரேலியாவுல, அங்க ஏப்ரல் மே மாசம் குளிர்கால மழையோட விதைச்சு அக்டோபர் நவம்பர்ல அறுக்கறாங்க, மணல்பாங்கான கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்ணு, சீசன்ல 300, 400 மில்லிமீட்டர் மழை கிடைச்சாலே பயிர் வந்துடும். அதுக்கு குளிர் வேணும், பூக்கற நேரத்துல வெயில் 30 டிகிரியை தாண்டிட்டா பூ உதிரும், காய் பிடிக்காது. மண்டியாவுல பிப்ரவரி பாதியிலயே வெயில் அந்த அளவுக்கு ஏறிடுது. கரும்பு இதுக்கு அப்படியே எதிர், 26லருந்து 33 டிகிரி வரைக்கும் உள்ள சூட்டுலதான் அது வேகமா வளரும், கடைசி ரெண்டு மாசம் மட்டும் கொஞ்சம் குளிரும் வறட்சியும் இருந்தா சர்க்கரை ஏறும், நம்ம டிசம்பர் ஜனவரி அதை தானா கொடுத்துடுது.

தண்ணி விஷயத்துல உங்க கவலை ரொம்ப நியாயம். ஒரு கரும்பு பயிருக்கு 1500லருந்து 2500 மில்லிமீட்டர் தண்ணி தேவை, நடுவுல 2000ன்னு வெச்சுக்கிட்டா ஒரு ஏக்கருக்கு கிட்டத்தட்ட 80 லட்சம் லிட்டர். மண்டியாவோட மழை இதுல பாதிகூட கிடையாது, மீதி எல்லாம் கே.ஆர்.எஸ். அணையிலருந்து விஸ்வேஸ்வரய்யா கால்வாய் வழியா வர காவிரித் தண்ணிதான், அணை நிறையாத வருஷம் அங்க என்ன ஆகுதுன்னு உங்க மாமனாருக்கு நல்லாவே தெரியும். அதனால தண்ணியை குறைக்கணும்ங்கற எண்ணம் சரி, அதுக்கு நீங்க தேர்ந்தெடுத்த செடிதான் தப்பு.

இப்ப நைட்ரஜனுக்கு வருவோம், பெரும்பாலானவங்க தவற விடற இடம் இதுதான். லூபின் தானா நைட்ரஜன் தயாரிக்கறது இல்லை, அதோட வேர்ல முடிச்சு போட்டு குடியிருக்கற ஒரு பாக்டீரியாதான் காத்துல இருக்கற நைட்ரஜனை பிடிச்சு கொடுக்குது. அந்த பாக்டீரியா லூபினுக்குன்னே உள்ள தனி ரகம், லூபினே விளையாத மண்டியா மண்ணுல அது இருக்க வாய்ப்பு குறைவு. உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் நம்ம ஊர்ல விக்கற ரைசோபியம் (வேர் முடிச்சு பாக்டீரியா) பாக்கெட்டை கலந்தா அந்த வேலை நடக்கும்னு நம்ப முடியாது. முடிச்சே விழாத லூபின் மத்த செடி மாதிரி மண்ணுலருந்துதான் நைட்ரஜனை எடுத்துக்கும், திருப்பி ஒண்ணும் கொடுக்காது.

சரி எப்படியோ விளைஞ்சிடுச்சுன்னே வைங்க, யார் வாங்குவாங்க? கரும்புக்கு மத்திய அரசு விலை வைக்குது, 2025-26 சீசனுக்கு 10.25 சதவீத ரெகவரிக்கு (கரும்பு எடையில கிடைக்கற சர்க்கரை) குவிண்டாலுக்கு 355 ரூபாய், அது போக சுத்துப்பட்டுல ஆலைமனை வெச்சு வெல்லம் காய்ச்சறவங்க இருக்காங்க, மண்டியா வெல்லத்துக்கு பெங்களூர் முழுக்க கிராக்கி. கரும்புல வீணாப் போறதுன்னு ஒண்ணுமே கிடையாது, சாறு சர்க்கரையாகவும் வெல்லமாகவும் போகுது, சக்கையை எரிச்சு ஆலையே கரண்ட் எடுத்துக்குது, மொலாசஸ்லருந்து பெட்ரோல்ல கலக்கற எத்தனால் வருது, சாறை வடிகட்டும்போது தங்கற கசடு, அதாவது பிரஸ்மட், வயலுக்கு உரமா திரும்பி வருது, நுனித் தழையான கொழுந்தாடை மாட்டுக்கு. லூபினுக்கு நம்ம மண்டியில விலையும் இல்லை, மூட்டை எடுக்க ஆளும் இல்லை.

உங்களுக்கு உண்மையில வேண்டியது மண்ணு வளமும் தண்ணி மிச்சமும்தானே, அது ரெண்டும் கரும்பை வெச்சுக்கிட்டே கிடைக்கும். பாருக்கு பார், அதாவது வரிசைக்கு வரிசை, நாலஞ்சு அடி விட்டு சொட்டு நீர் போடுங்க, மானியம் இருக்கு, தோட்டக்கலை விவசாய ஆபீஸ் ரெண்டுலயும் கேளுங்க. அந்த அகலமான இடைவெளியில கரும்பு நட்ட கையோட சணப்பையோ தக்கைப்பூண்டோ மாதிரி பசுந்தாள் உரச் செடியை விதைச்சு, பூ எடுக்கற சமயம், 45 நாள் வாக்குல மடக்கி மண்ணோட சேர்த்து மண் அணைச்சிடுங்க. நைட்ரஜன் கொடுக்கற வேலையை நம்ம மண்ணுல உள்ள பாக்டீரியாவோட சேர்ந்து இந்த செடிங்க நல்லாவே செய்யும். காசு பாக்கணும்னா அதே இடத்துல உளுந்து இல்லைன்னா தட்டைப்பயறு, கரும்பு மூடறதுக்குள்ள அறுத்துடலாம். உரிச்ச சோகையை, அதாவது காஞ்ச கரும்பு இலையை, தயவுசெஞ்சு கொளுத்தாதீங்க, பாருக்கு நடுவுல பரப்பி விட்டா ஈரம் நிக்கும், களையும் அடங்கும், எத்தனை நல்ல நிலம் வருஷா வருஷம் இந்த நெருப்புல வேகுதுன்னு நினைச்சா மனசு பதறுது. கரணையா (கரும்புத் துண்டா) நடறதுக்கு பதிலா பருசீவல் நாத்து (கணு மொட்டை மட்டும் சீவி வளர்த்த நாத்து) நட்டா விதைக்கரும்பு செலவும் பெரிய அளவுல குறையும். மறுதாம்பு (வெட்டின கட்டையிலருந்தே திரும்ப வளர்ற பயிர்) எத்தனை தடவை விடறார்னு மாமனார்கிட்ட கேளுங்க, ரெண்டு மறுதாம்புக்கு மேல இழுக்காம ஒரு சீசன் பயறோ ராகியோ போட்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்கறது நல்லது. மண்டியாவுல வி.சி. ஃபார்ம்ல விவசாய பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, மண் டெஸ்ட் பண்ணவும் ரகம் கேக்கவும் முதல்ல அங்க போங்க. கோயம்புத்தூர்ல 1912ல ஆரம்பிச்ச கரும்பு இனப்பெருக்க நிலையம் கொடுத்த கோ 86032 இந்த பகுதிக்கு பழகின ரகம்தான், ஆனா உங்க மண்ணை பாத்து அவங்க சொல்றதை கேளுங்க.

இனி மாடி. பெங்களூர் 900 மீட்டர் உயரத்துல இருக்கறதால குளிர்கால பூச்செடியா லூபின் இங்க வரும், ஆனா விதைக்கற நேரம் முக்கியம். செப்டம்பர் அக்டோபர்தான் நம்ம ஊர்ல மழை கொட்டற மாசம், அப்ப திறந்த மாடியில விதைச்சா நாத்து தண்டு அழுகி சாஞ்சிடும், அதனால அக்டோபர் கடைசியில, மழை படாத ஓரமா விதைங்க, ஜனவரி பிப்ரவரியில பூக்கும். விதைத்தோல் ரொம்ப கெட்டி, உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு ராத்திரி முழுக்க ஊறவெச்சு போடுங்க. ஆணிவேர் செடிங்கறதால பிடுங்கி நட்டா பிடிக்காது, ஒரு அடி ஆழமாவது உள்ள கிரோ பேக்ல நேரா விதைச்சிடுங்க. செம்மண்ணு, மணல், கோகோபீட் கலவை போதும், தொழுவுரம் ஒரு கை போட்டா போதும், யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

மாடித்தோட்டக்காரங்க எல்லா தொட்டியிலயும் முட்டை ஓடு, சாம்பல், சுண்ணாம்புன்னு போடறது பழக்கம், லூபினுக்கு அது ஆகவே ஆகாது. அதுக்கு சுண்ணாம்பு சத்து ஏறினா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாம திணறுதுன்னு அர்த்தம். உங்க பக்கம் நிறைய அபார்ட்மெண்ட்ல போர்வெல் தண்ணிதான், பக்கெட்ல வெள்ளையா உப்பு படியுதுன்னா அதை ஊத்தாதீங்க, காவிரி தண்ணியோ பிடிச்சு வெச்ச மழைத்தண்ணியோ ஊத்துங்க. கரும்பு இந்த விஷயத்துல பெருந்தன்மையான பயிர், மண்ணோட அமில, கார அளவான பிஎச் 5லருந்து 8 தாண்டியும் தாங்கும். மாடியில வைக்கணும்னா பொங்கல் செங்கரும்பு வைங்க, 100 லிட்டர் டிரம்ல ரெண்டு கரணை, சித்திரை வைகாசியில நட்டா சங்கராந்திக்கு வெட்டலாம், ஆனா நல்ல வெயிலும் தினமும் தண்ணியும் வேணும், காத்துக்கு சாயாம கட்டி விடணும், கே.ஆர். மார்க்கெட் கரும்பு பருமன் வராது.

கடைசியா ஒரு எச்சரிக்கை, இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க. மாடியில வெக்கற அலங்கார லூபின்ல காய் பட்டாணி மாதிரியே தொங்கும், குழந்தைங்க வாயில போட்டுடுவாங்க, அதுல கசப்பான ஆல்கலாய்டு விஷம் இருக்கு, வாய் உலர்ந்து, பார்வை மங்கி, படபடப்பு வரும். பூ முடிஞ்சதும் கதிரை வெட்டிடுங்க. இத்தாலி, எகிப்து பக்கமெல்லாம் திங்கற லூபின் வேற இனம், அதையும் வேகவெச்சு நாள்கணக்கா தண்ணி மாத்தி மாத்தி ஊறவெச்சு கசப்பை எடுத்த பிறகுதான் திங்கறாங்க. கசப்பு குறைஞ்ச இனிப்பு ரகங்கள்லருந்து அரைச்ச மாவு இறக்குமதி ஆகி வருது, புரோட்டீன் நல்லாவே இருக்கு, வாங்கி சாப்பிடறது உங்க இஷ்டம். ஆனா வீட்ல யாருக்காவது நிலக்கடலை அலர்ஜி இருந்தா அந்த மாவு பக்கமே போகாதீங்க, ரெண்டுக்கும் ஒரே மாதிரி அலர்ஜி வர வாய்ப்பு இருக்கறதாலதான் ஐரோப்பாவுல பாக்கெட் மேல லூபின் இருக்குன்னு எழுதியே ஆகணும்னு சட்டம் வெச்சிருக்காங்க.