ஒரே சர்வரில் தளம் நிற்காமல் கன்டெய்னரை மாற்றுவது எப்படி?

மன்னார்குடி நெல் மண்டிக்கான ஆப், புது வெர்ஷன் போடும்போதெல்லாம் அரை நிமிடம் படுத்துவிடுகிறது என்கிறீர்கள். குறுவை அறுவடை நேரத்தில் அது பெரிய தொல்லைதான். பழைய கன்டெய்னரை (ஆப் தனியாக ஓடும் பெட்டி மாதிரி) முதலில் நிறுத்துவதுதான் தப்பு.

பழையது 3001 போர்ட்டிலேயே ஓடட்டும். புதியதை 3002-இல் கிளப்புங்கள். ஆப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கில் 200 (சரி என்ற பதில்) வந்த அப்புறம், வரும் கோரிக்கைகளை ஆப்புக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் போர்ட்டை மாற்றி ரீலோட் கொடுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். ரீலோடில் என்ஜின்எக்ஸின் பழைய வொர்க்கர்கள் (வேலை செய்யும் ப்ராசஸ்கள்) கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டுத்தான் விலகும். அடுத்த மடையைத் திறந்துவிட்டு முந்தைய மடையை அடைப்பது போல.

கடைசியில் பழையதை நிறுத்தும்போது கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர், சிக்டெர்ம் (நின்றுகொள் என்ற சிக்னல்) அனுப்பி, வழக்கமாக 10 விநாடிதான் பொறுக்கும். நீண்ட மூட்டைக் கணக்கு ஓடினால் அந்த நேரத்தைக் கூட்டுங்கள்.

நான் சறுக்கியது டேட்டாபேஸில். ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினேன். பழைய பெயரையே தேடிய பழைய கன்டெய்னர் உடனே எரர் கக்கியது. புது ஃபீல்டை முதலில் சேருங்கள், பழையதை அடுத்த வெளியீட்டில் நீக்கலாம். ராம் இரண்டுக்கும் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.